தகாத வார்த்தைகள்

ஜூலை 9, ஞாயிறு

இன்று வாசகர் வட்டத்தில் பாப்பாவின் புத்தகத்துக்குக் கூட்டம். நூலகத்து மாடியில். பத்து மணி என்று போட்டுப் பதினொன்றுக்கு ஆரம்பித்தார்கள். புதுக்கோட்டையில் இதுவே சீக்கிரம்.

எங்கள் மகள் நித்திலா பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் விஞ்ஞானக் கதைகள் எழுதி, எந்தப் பதிப்பகத்தையும் தேடிப் போகாமல் தானே இணையத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தவள். அவள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. காய்ச்சல் என்று படுத்தாள். நாங்கள் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது முகத்தைத்தான் பார்க்க முடிந்தது. அவள் கதைகளை இந்த ஊரும் அவள் அம்மாவும் படிக்கட்டும் என்று நான் தமிழாக்கி, நம் ஊர் அச்சகத்திலேயே கொடுத்துப் புத்தகமாகப் போட்டேன். ‘இரைச்சல் நீக்கி’ என்று பெயர். மாவட்ட நீதிமன்றத்தில் ஆயுசு முழுக்க மொழிபெயர்ப்பாளனாக உட்கார்ந்திருந்தவனுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். நாக்குத் தள்ளிவிட்டது.

மேஜையில் அவள் படம், அதற்கு ரோஜா மாலை, முன்னால் குத்துவிளக்கு. ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம். பிறகு நாலு பேர் பேசினார்கள். ஒருவராவது கதையைப் பற்றிப் பேச வேண்டுமே! “அண்ணன் அருணகிரிக்கு நேர்ந்த இழப்பு பகைவனுக்கும் வரக் கூடாது” என்று ஆரம்பித்த செயலாளர் இளம்பரிதி அதிலேயே முடித்துக்கொண்டார். ஒரு பேராசிரியை, முன்னுரையைப் படிக்கும்போதே கண் கலங்கிவிட்டதால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை என்று சொன்னார். கூட்டம் கைதட்டியது. எதற்குத் தட்டினார்கள் என்று இன்னும் விளங்கவில்லை. இன்னொருவர் எழுந்து எந்த ஆஸ்பத்திரி, எத்தனை நாள் காய்ச்சல் என்று மேடையிலேயே என்னை விசாரித்தார்.

எனக்கு ஒரு சால்வை. முடிந்ததும் டீ, வடை. வந்தவர்களில் ஒருவர்கூட “போய்ட்டு வர்றேன்” என்று சொல்லவில்லை. துக்க வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்புவார்களே, அதே மாதிரி தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சௌந்தரவல்லி கேட்டாள், “என்னங்க சொன்னாங்க?”

“ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாங்க.”

“கதையவா?”

நான் கால் கழுவப் போய்விட்டேன்.

ஜூலை 10, திங்கள்

தப்பு என்மேல்தான். முதல் பக்கத்தைத் திறந்தால் அவள் படம், கீழே தோற்றம், மறைவு, அதற்கும் கீழே ‘உன் பிரிவால் வாடும் பெற்றோர்’. சுவரொட்டியில் போடுவதைப் புத்தகத்தில் போட்டு வைத்திருக்கிறேன். இழவுப் பத்திரிகையை நீட்டிவிட்டு விமர்சனம் செய் என்றால் எவன் செய்வான்? செத்த பெண்ணின் கதை சரியில்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

பாப்பாவுக்குப் பாராட்டு என்றால் பிடிக்காது. “அருமைன்னு சொல்றவன் படிக்கவே இல்லப்பா” என்பாள். அவளோடு ஒருவராவது மல்லுக்கு நிற்க வேண்டும். உயிரோடு இருக்கிற எழுத்தாளரைக் கிழிப்பதுபோல் கிழிக்க வேண்டும். எனக்கு அது போதும்.

பிளேடு எடுத்து, மிச்சமிருக்கும் பிரதிகளில் அந்தப் பக்கத்தையும் முன்னுரையையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். சௌந்தரம் வாசலில் நின்று பார்த்தாள்.

“படத்தையா வெட்டுறீங்க?”

“பக்கத்தத்தான் வெட்டுறேன்.”

“அதுலதான படம் இருக்கு,” என்றாள். வெட்டிய தாள்களை எல்லாம் பொறுக்கி உள்ளே கொண்டுபோனாள். மத்தியானம் சாப்பாட்டில் ரசம் மட்டும்தான்.

ஜூலை 14, வெள்ளி

மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்று மூன்றாவது தடவையாகச் சொல்கிறான்.

ஜூலை 23, ஞாயிறு

விஞ்ஞானக் கதை வாசகர்கள் முகநூலில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ‘புதிய எழுத்தாளர், சொந்த வெளியீடு, கருத்துச் சொல்ல விருப்பமுள்ளவர்கள் முகவரி அனுப்பவும்’ என்று போட்டேன். முப்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டார்கள். பாதிப் பேர் ஓசிப் புத்தகம் என்பதற்காகக் கேட்டிருப்பார்கள். போகட்டும்.

புத்தகத்தோடு செருகிய ஆசிரியர் குறிப்பில் ‘நித்திலா, பொறியாளர்’, கீழே என் போன் நம்பர், அதோடு நிறுத்திக்கொண்டேன். மொழிபெயர்த்தவன் பெயர் எங்கேயும் இல்லை. கோர்ட்டிலும் அப்படித்தான். சாட்சி சொன்னது சாட்சி சொன்னதாகவே இருக்க வேண்டும், நடுவில் நாம் யார்?

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப்பெருக்கு. சௌந்தரம் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் எல்லாம் கிளறினாள். இரண்டு பேருக்கு இத்தனை எதற்கு என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினோம்.

கருத்துகள் வர ஆரம்பித்திருக்கின்றன. ‘அருமை மேடம்.’ ‘சூப்பர்.’ ‘நல்ல முயற்சி, தொடருங்கள்.’ ‘வியாழனில் உண்மையிலேயே இப்படி இருக்குமா?’ கட்டைவிரல் படம் ஏழெட்டு. தொடருங்கள் என்று சொன்னவரின் பெயரை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷன்.

சௌந்தரம் இன்னும் முதல் கதையைத் தாண்டவில்லை. “நல்லாருக்கு, அப்பறம் படிக்கிறேன்,” என்று அலமாரியில் வைத்தவள் வைத்தவள்தான்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

வந்துவிட்டது! தூத்துக்குடியிலிருந்து ஜெசிந்தா என்று ஒரு பெண். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஆபீசில் வேலையாம். போனில் வந்த கருத்தை அப்படியே எழுதி வைக்கிறேன்:

‘நித்திலா மேடத்துக்கு. உங்களுக்கு மூளை இருக்கிறது, தைரியம் இல்லை. வியாழனின் நிலவில் போய்ப் பனியைத் துளைக்கிறார்கள், ஒருத்தருக்கும் கோபமே வரவில்லை. எல்லாரும் நல்லவர்கள். கூடவே இருந்த நண்பன் குழாய் வெடித்துச் சாகிறான். பழுதான எந்திரத்தைப் பார்த்துக் கதாநாயகி “தகாத வார்த்தை ஒன்றைக் கூறினாள்” என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வார்த்தை? இது கதையா, போலீஸ் புகாரா? ஐந்தாவது கதையில் அந்த இருவரும் காதலர்களா, உடன் வேலை செய்பவர்களா? ஏன் ஒரே அறையில் இருக்கிறார்கள்? தலைப்புக் கதை நன்றாகத்தான் போகிறது. ஆனால் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். யாரோ பயந்துபோய் எழுதின பக்கம் அது. அடுத்த தொகுப்பிலாவது பயப்படாமல் எழுதுங்கள். உங்களோடு சண்டை போட ஆசையாக இருக்கிறது.’

வாய்விட்டுச் சிரித்தேன். சௌந்தரம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

“என்னங்க?”

“நம்ம பாப்பாவ ஒருத்தி கிழி கிழின்னு கிழிச்சிருக்கா!”

“அதுக்கா சிரிக்கிறீங்க?”

அதற்குத்தான் சிரித்தேன். அடுத்த தொகுப்பு என்று எழுதியிருக்கிறாள்.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஜெசிந்தாவுக்கு வயது குறைவாக இருக்க வேண்டும், பேச்சில் துடுக்கு. மறுபடி படித்தால் கொஞ்சம் மரியாதைக் குறைவாகவும் தெரிகிறது. மொழிபெயர்ப்பில் சில மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை. ஒரு மொழியில் சாதாரணமாக இருப்பது இன்னொன்றில் விரசமாகிவிடும். அது இந்தத் தலைமுறைக்குத் தெரியாது.

மோட்டார் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 9, புதன்

பாப்பாவின் மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஜெசிந்தா சொன்ன இடங்களை மட்டும் ஒத்துப் பார்த்தேன். நாலு இடம். நாலும் என் கைவரிசை.

தகாத வார்த்தை என்று பாப்பா எழுதவில்லை. வார்த்தையைத்தான் எழுதியிருந்தாள். எத்தனை புகார் மனுக்களை மொழிபெயர்த்திருக்கிறேன், ‘தகாத வார்த்தைகளால் திட்டி’ என்று என் பேனா தானாகவே எழுதிவிட்டது. ஐந்தாவது கதையில் அவர்கள் கல்யாணமாகாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள். ஊரில் நாலு பேர் படிப்பார்களே என்று ‘சக பணியாளர்கள்’ ஆக்கினேன். கட்டிலை மட்டும் எடுக்க மறந்துவிட்டேன். எல்லாரும் நல்லவர்கள் என்றாளே, அந்த நிலவுக் கதையில் குடிகாரனாக வரும் பொறியாளனுக்குத் தேநீர் கொடுத்தேன். போய்ச் சேர்ந்த பிள்ளையை நாலு பேர் நல்லபடியாக நினைக்கட்டுமே என்றுதான் செய்தேன். வேறு எண்ணமில்லை.

தலைப்புக் கதையைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 10, வியாழன்

எழுதவில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

காலையில் போன் வந்தது.

“ஹலோ, நித்திலா மேடம் நம்பரா? நான் தூத்துக்குடிலேந்து ஜெசிந்தா பேசுதேன். கருத்து அனுப்பியிருந்தேம்லா, திட்டி.”

“வந்துச்சும்மா.”

“மேடம் இருக்காங்களா?”

“வெளிய போயிருக்கா,” என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று தெரியவில்லை. நாக்கில் தயாராக இருந்திருக்கிறது.

“நீங்க யாரு சார்?”

“அவ அப்பா.”

“ஐயோ, கோவிச்சுக்கிடாதீங்க சார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனா மேடம் கிட்ட சரக்கு இருக்கு, அதான் ஆத்தமாட்டாம எழுதிட்டேன். வந்தோடன கூப்பிடச் சொல்லுதீங்களா?”

“சொல்றேம்மா.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சௌந்தரம் நிற்கிறாள். கையில் தோசைக் கரண்டி. என்னைப் பார்த்தாள், வாசல் கதவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். கல்லில் இருந்த தோசை தீய்கிற வாசனை வந்தது. அவள் எடுக்கவில்லை. நான் போய் அடுப்பை அணைத்தபோது தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“எத்தன மணிக்கு வருவான்னு சொன்னீங்க?” என்று கேட்டாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். பெங்களூரில்கூட நான் இப்படி அழவில்லை.

ஆகஸ்ட் 16, புதன்

தலைப்புக் கதை.

பூமியிலிருந்து வெகு தூரத்தில் ஒரு நிலையத்தில் ஒரு பெண் தனியாக வேலை பார்க்கிறாள். பூமியிலிருந்து அவள் அம்மா தினமும் பேசி அனுப்புகிறாள். அவள் பேசுவது போய்ச் சேரவே பல மணி நேரமாகும். யாருக்குக் கல்யாணம், எந்தத் தெருவில் குழாய் வரவில்லை, எதிர்வீட்டு முருங்கை ஒடிந்து விழுந்தது, இதுதான் பேச்சு. மின்சாரம் குறைந்துகொண்டே வருகிறது. அதை மிச்சம் பிடிக்க எந்தச் சத்தத்தை இரைச்சல் என்று நீக்கலாம் என்று எந்திரம் கேட்கிறது. அவள் அம்மாவின் குரலைக் காட்டுகிறாள். எந்திரம் நீக்குகிறது. அன்றைக்கு அவள் நிம்மதியாகத் தூங்குகிறாள். கதை முடிந்தது.

பாப்பா எழுதியது அவ்வளவுதான். நான் ஒரு பக்கம் சேர்த்தேன். நடு இரவில் விழித்துக் கதறி, எந்திரத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அம்மாவின் குரலை மீட்டுக்கொள்கிறாள். ‘மகளே, நலமா?’ என்கிறாள் அம்மா. சௌந்தரம் பெற்ற பிள்ளையை ஒருநாளாவது ‘மகளே’ என்று கூப்பிட்டிருக்கிறாளா?

முருங்கை ஒடிந்தது எங்கள் எதிர்வீட்டு முருங்கை. சௌந்தரம் போனில் பாப்பாவிடம் அரை மணி நேரம் சொன்ன கதை அது. இதை அவள் எப்படிப் படிப்பாள்? இருக்கிற உயிரும் போய்விடும் என்று பயந்தேன். அதனால்தான் சேர்த்தேன். ஒரு அம்மாவைக் காப்பாற்றுகிறேன் என்று போய் மகளை முட்டாளாக்கிவிட்டேன். ஊரெல்லாம் என் எழுத்தைப் படித்துவிட்டு அவளுக்குத் தைரியமில்லை என்கிறது. அவளுக்கா தைரியமில்லை? தொடைநடுங்கி நான்.

ஆகஸ்ட் 21, திங்கள்

எல்லாவற்றையும் திரும்ப எழுதுகிறேன். குடிகாரனுக்குச் சாராயத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. சேர்ந்து வாழ்கிறவர்கள் சேர்ந்து வாழ்கிறார்கள். இளம்பரிதி என்ன நினைப்பார் என்று ஒரு கணம் தோன்றியது. நினைத்துக்கொள்ளட்டும், மேடையில் இன்னொரு நிமிடம் மௌனமாக நிற்பார்.

அந்தத் தகாத வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதியிருப்பதை அகராதிப்படி எழுதினால் யாரோ வெள்ளைக்காரி திட்டுவதுபோல் இருக்கிறது. எனக்குத் திட்டிப் பழக்கமில்லை. காலையிலிருந்து பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னத்த அப்படி யோசிக்கிறீங்க?” என்றாள் சௌந்தரம். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஒரு மிசினு ரிப்பேராயி ஒரு ஆளு செத்துப்போறான். அந்தப் பொண்ணு மிசினப் பாத்து என்ன சொல்லுவா?”

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “எழவெடுத்த சனியனேம்பா. நம்ம மிக்ஸிய அப்படித்தான் திட்டுவா. ஒரு மிதியும் மிதிப்பா.”

எழுதினேன். படித்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்துவிட்டது.

“அந்தப் புஸ்தகத்துல அவ ஒரு எடத்துலயும் இல்லீங்க,” என்றாள் திடீரென்று. “மொதக் கதையிலயே தேடிப் பாத்தேன். அதான் மூடி வெச்சேன்.”

ஆகஸ்ட் 22, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. முழங்கால் வலிக்கு சௌந்தரத்துக்குத் தைலம் வாங்க வேண்டும்.

செப்டம்பர் 2, சனி

திருத்திய கதைகளைத் தட்டச்சு செய்து ஜெசிந்தாவுக்கு அனுப்பிவிட்டேன். கூடவே ஒரு கடிதம். நித்திலா ஒன்றரை வருஷத்துக்கு முன் இறந்துவிட்டாள் என்பது, அன்று போனில் நான் சொன்னது பொய் என்பது, அவள் பயந்தவள் அல்ல, தமிழாக்கும்போது பயந்து மாற்றியது நான் என்பது. ‘நீங்கள் திட்டியதெல்லாம் என்னைத்தான். அவளைத் திட்ட வேண்டுமானால் இப்போது அனுப்பியிருப்பதைப் படித்துவிட்டுத் திட்டுங்கள்’ என்று முடித்தேன்.

அனுப்பிய பிறகு வருத்தமாக இருந்தது. இவளும் இனி மற்றவர்கள் மாதிரி ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பாப்பாவோடு சண்டை போட இருந்தது ஒரே ஒருத்தி.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஜெசிந்தா கூப்பிட்டாள். லாரி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“அன்னிக்கு வெளிய போயிருக்கான்னீங்க,” என்றாள்.

“ஆமாம்மா.”

“சரி.” மறுபடி ஒரு லாரி போயிற்று. “சார், ஆறுதல் சொல்ல எனக்கு வராது. எங்க வீட்டுலயே திட்டுவாவ. கதையப் பத்திச் சொல்லட்டா?”

“சொல்லும்மா. அதுக்குத்தான் அனுப்புனேன்.”

“பெத்த அம்மா கொரல வெட்டி எறிஞ்சிட்டு நிம்மதியாத் தூங்குதாளே, எனக்குப் பத்திக்கிட்டு வருது சார். நேத்து பூரா ஆபீஸ்ல அவ கூட மனசுக்குள்ள சண்ட. ஏட்டி, வெக்கமா இல்லையா உனக்குன்னு கேக்கேன். அதுக்கப்புறம் யோசிச்சா, எங்க அம்மா போன் வந்தா நானும் எத்தன தடவ எடுக்காம விட்டிருக்கேன்! அதுக்கும் அவ மேலதான் கோவம் வருது. இத ஏன் எழுதுனான்னு கோவம். இவ இருந்திருந்தா பஸ் ஏறி வந்து கேட்டிருப்பேன் சார்.” குரல் உடைந்துபோயிற்று. “இன்னும் ஒரு பத்துக் கதையாவது எழுதிட்டுப் போயிருக்கலாம்லா சார். என்ன அவசரம்?”

அவள் போனை வைக்கும்போது, “போய்ட்டு வாரேன் சார்,” என்றாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

நேற்றே முடிவு செய்துவிட்டேன். ஊருக்கே கொடுக்கப் போகிற கதையை அவள் அம்மாவிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. மத்தியானம் சாப்பிட்டு, ஏனம் கழுவி வைத்துவிட்டு வந்த சௌந்தரத்தை உட்காரச் சொன்னேன்.

“பாப்பா எழுதுனதப் படிக்கிறேன். இதுல நான் ஒண்ணும் சேக்கல. கேட்டுட்டு உனக்குக் கஷ்டமாயிருந்தா நிறுத்தச் சொல்லு.”

“படிங்க.”

படித்தேன். முருங்கை ஒடிந்த இடம் வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள். “இது நான் சொன்னதுதான?” என்றாள். ஆமாம் என்றேன். எந்திரம் கேட்கிற இடத்தில் என் குரல் இறங்கிப்போயிற்று. “சத்தமாப் படிங்க, கேக்கல,” என்றாள். அம்மாவின் குரலை நீக்கினாள், தூங்கினாள் என்று படித்து முடித்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். நிமிரத் தைரியம் வரவில்லை.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் கருத்து அனுப்புறாங்கன்னு சொன்னீங்கள்ல. நானும் சொல்லலாமா?”

“சொல்லு.”

“எழுதிக்கிருங்க.”

பேனாவை எடுத்தேன்.

“அவ வெட்டுனது சரி. நானும் சும்மா தொணதொணன்னுதான் பேசுவேன். வேல பாக்குற புள்ளைக்கு எரிச்சலா இருந்திருக்கும். அதுல தப்பில்ல.” மூச்சு வாங்கினாள். “ஆனா அந்தப் பொம்பள, பதிலே வராம தெனமும் பேசிக்கிட்டே இருக்கா பாருங்க, அது தப்பு. ரோசம் இருக்காதா? நானா இருந்தா ரெண்டு நாளு பேச மாட்டேன். மூணாம் நாளு அவளே கூப்பிடுவா, என்னம்மா கோவமான்னு. எப்பயும் அவதான் மொதல்ல கூப்பிடுவா. அது கதையில வரல. அவளுக்குத் தெரியும், தெரிஞ்சும் விட்டுட்டா. ஏன்டி விட்டேன்னு கேட்டு எழுதுங்க.”

அவள் சொன்னபடியே, ஒரு வார்த்தையும் மாற்றாமல் எழுதினேன்.

“எழுதிட்டீங்களா?”

“எழுதிட்டேன்.”

“அவளுக்கு அனுப்பிருங்க,” என்றாள்.

சரி என்றேன்.